அமுதசுரபியும் அங்கன்வாடியும்

முன்னுரை

தமிழிலக்கியம் பயிலும் நாம், மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அமுதசுரபியை அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்றே பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் கதையில் நாம் எளிதில் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. ஆபுத்திரன் கையில் அப்பாத்திரம் இருந்த காலத்தில் பாண்டிய நாட்டில் மழை பெய்து வளம் பெருகியது. உண்ண வருவார் அருகினர். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்று அவன் கப்பலேறினான். இடையில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத அத்தீவில், குறையாத சோறு கையிலிருந்தும் அதனை வாங்கி உண்ண ஒரு வாய் இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு அவன் உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

பின்னர் அதே பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தது. அவள் ஓரிடத்தில் அமர்ந்து பசித்தவர் வருக என்று காத்திருக்கவில்லை. காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்தாள்; ஆதரவற்றோரும் உடற்குறையுடையோரும் தங்கிய உலகவறவிக்குச் சென்றாள்; எழுந்து வர இயலாதவாறு அடைபட்டுக் கிடந்தோரின் சிறைக்கூடத்துக்குள்ளும் நுழைந்தாள். அச்சிறையே அறக்கோட்டமாக மாறியது என்று காப்பியம் கூறுகிறது.

சோறு இருப்பது ஒன்று. அது பசித்த வாய்க்குச் சென்று சேர்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள். ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளின் ஊட்டத்தை மேம்படுத்தச் சமுதாயம் மூட்டிய அடுப்புகளின் வரலாற்றில் தமிழகம் பெருமை கொள்ளத்தக்க இடம் வகிக்கிறது. ஆயினும் அந்த அடுப்பின் முன் தட்டேந்தி வரிசையில் நிற்க இயலாத குழந்தை ஒன்று இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அது நடக்கக் கல்லாத குழந்தை. மூன்று வயது நிரம்பாத குழந்தை.

பள்ளிக்கூடத்து அடுப்பு

பள்ளிப் பிள்ளைக்குச் சோறிடும் எண்ணம் நம் மண்ணில் நூறாண்டுகளுக்கு முற்பட்டது. 1920ஆம் ஆண்டு, சர் பி. தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் மாணவருக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்பது வரையறை. வறுமையால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அத்திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்தது. அன்றைய அரசு அச்செலவை ஏற்காமையால் 1925இல் நின்றது.

விடுதலைக்குப் பின்னர், 1956இல், முதலமைச்சர் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். அன்று பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதனை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். அரசு கருவூலத்தை மட்டும் நம்பி அன்று உலை வைக்கப்படவில்லை. ஊர்ப் பெரியோர் நெல்லளித்தனர். உழவர் காய்கறி கொணர்ந்தனர். விறகும் பாத்திரமும் பொதுமக்கள் தந்தவை. பிற்காலத்தில் பல்லாயிரம் பள்ளிகளில் வேரூன்றிய பெருந்திட்டத்தின் விதை, ஊரார் கொடுத்த ஒரு பிடி அரிசியே எனின் மிகையன்று.

1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2 வயது முதல் 9 வயது வரையிலான ஊர்ப்புறக் குழந்தைகள் அதில் முதலில் பயன்பெற்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் நகர்ப்புறங்களுக்கும், 1984இல் 15 வயது வரையிலான மாணவர்க்கும் அது விரிவடைந்தது. இத்தனை பெருஞ்செலவை ஒரு மாநிலம் தாங்குமா என்று ஐயுற்றோர் அன்று பலர். தாங்கியது, தாங்கியதோடன்றி வளர்ந்தது. 1989இல் கலைஞர் மு. கருணாநிதி ஆட்சியில் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை சேர்க்கப்பட்டது. அந்த எண்ணிக்கை படிப்படியாக உயர்ந்து, 2010இல் பள்ளி நாள்கள் ஐந்திலும் முட்டை என்ற நிலையை எட்டியது. முட்டை உண்ணாதவர்க்கு வாழைப்பழம் தரப்பட்டது. பின்னர் செயலலிதா ஆட்சியில் கலவைச் சாத வகைகள் வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று மு. க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1,545 தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் தொடங்கிய அது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024இல் ஊரகத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. நம் சமுதாயத்தார் நடத்திவரும் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் பலவற்றின் பிள்ளைகளும் இவ்வாறு அப்பந்தியில் அமர்ந்தனர்.

ஆட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவே வழங்குதல் வேண்டும் என்று ஆணையிட்டபோது, அதனைச் செய்ய இயலும் என்பதற்குத் தமிழகம் கண்கண்ட சான்றாக நின்றது.

ஒரு தட்டுச் சோறு செய்யும் பணிகள்

பள்ளியில் இடும் சோற்றின் பயன் வயிற்றோடு முடிவதில்லை. தேசிய அளவில் வகுக்கப்பட்ட அளவின்படி, தொடக்க வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு ஒரு வேளை உணவில் 450 கிலோகலோரி ஆற்றலும் 12 கிராம் புரதமும் கிடைத்தல் வேண்டும். இதற்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்று கணக்கிட்டுள்ளனர். வீட்டில் காலையில் வெறுந்தேநீரோடு புறப்பட்டு வரும் பிள்ளைக்கு இவ்வளவு என்பது அன்றைய தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும்.

இரண்டாவது பயன், பசியாறிய பிள்ளை பாடத்தில் மனம் செலுத்துவது. மூன்றாவது, பெண் குழந்தைகள் பள்ளியில் தொடர்ந்து பயில்வது. நான்காவது, பல சாதியும் பல சமயமும் சார்ந்த பிள்ளைகள் ஒரு வரிசையில் அமர்ந்து ஒருவர் கைச்சோற்றை உண்பது. சமைப்பவரின் சாதியைச் சுட்டி உண்ண மறுத்த இழிவுகள் இன்றளவும் ஆங்காங்கே நேர்ந்துள்ளன என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அவ்விழிவை வெளிச்சத்துக்குக் கொணர்ந்ததும் அந்தப் பந்தியே. ஐந்தாவது, கைம்பெண்களும் ஆதரவற்ற மகளிரும் முன்னுரிமை பெற்று அமைப்பாளராகவும் சமையலராகவும் உதவியாளராகவும் பணி பெற்றமை.

இப்பயன் ஒரு தலைமுறையோடு நிற்பதுமில்லை. இந்தியாவின் பள்ளி உணவுத் திட்டத்தை ஆராய்ந்து 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, சிறுமியராக இருந்தபோது பள்ளியில் உணவு பெற்றவர்கள் பின்னாளில் தாயரானபோது அவர்களுடைய குழந்தைகளிடையே உயரக் குறைவு குறைந்து காணப்பட்டதாகத் தெரிவித்தது. இன்று ஒரு சிறுமிக்கு இடும் சோறு, பிறவாத குழந்தைக்கும் சேர்த்து இடும் சோறு என்பது இதனால் விளங்கும்.

பொது அடுப்புக்குக் காவலும் வேண்டும். 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ, கூரை வேய்ந்த வகுப்பறைகளைப் பற்றி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டது. 2013இல் பீகாரின் சரண் மாவட்டத்தில், பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த பள்ளி உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர். பிள்ளைக்குப் பரிமாறுமுன் பெரியவர் ஒருவர் உண்டு பார்த்தல் வேண்டும் என்னும் விதி, வெறுஞ்சடங்கு அன்று என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

வயிறு சிறிது, தேவை பெரிது

இவ்வளவு சிறந்த பந்தி இருந்தும் குறை எங்கே இருக்கிறது? 2019-21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் தமிழகப் பக்கங்களைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர். 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். முந்தைய ஆய்வான 2015-16இல் இந்த இரத்தசோகைக் கணக்கு 50.7 விழுக்காடாக இருந்தது. உயரக் குறைவில் நாட்டின் சராசரியான 35.5 விழுக்காட்டைவிட நாம் மேலான நிலையில் உள்ளோம் என்பது உண்மை. ஆயினும் நால்வரில் ஒரு குழந்தை என்பது ஆறுதல் கொள்ளும் கணக்கன்று.

இக்குழந்தைகள் பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். உயரக் குறைவு பெரும்பாலும் நேர்வது, தாயின் வயிற்றில் கழியும் காலத்தொடு பிறந்தபின் வரும் முதல் இரண்டாண்டுகளும் சேர்ந்த ஏறத்தாழ ஆயிரம் நாள்களுக்குள். மூளை மிக விரைந்து வளரும் காலமும் அதுவே. அந்நாள்களில் இழந்த வளர்ச்சியை ஐந்தாம் வயதில் இடும் முட்டையால் முழுமையாக மீட்க இயலாது. நெற்பயிர் கதிர் விடும் பருவத்தில் கிடைக்காத நீரை, அறுவடை நாளில் பாய்ச்சிப் பயன் என்ன?

ஏழை வீட்டில் அந்த ஆயிரம் நாள்களில் நிகழ்வது யாது? முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் ஒன்றே போதும். அது கிடைக்கும் வரை குழந்தை ஒருவாறு வளர்கிறது. ஆறாம் மாதம் முடிந்தபின் தாய்ப்பாலொடு வேறு உணவும் தேவைப்படுகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் நீங்கலாக நாளொன்றுக்கு 200 கிலோகலோரி வேண்டும். 9 முதல் 11 மாதம் வரை 300. ஒரு வயது முதல் இரண்டு வயது வரை 550. குழந்தையின் இரைப்பையோ மிகச் சிறிது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லி லிட்டர் அளவே அது கொள்ளும். 8 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளைக்கு ஒரு தம்ளர் உணவுக்கு மேல் உண்ணாது. அந்தத் தம்ளரை நீர்த்த கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், உடல் நிறையாது. பருப்பு மசித்து, எண்ணெயோ நெய்யோ ஒரு கரண்டி சேர்த்து, கரண்டியைச் சாய்த்தால் சட்டென வழியாத பதத்தில் குழைத்த சோறு அதே தம்ளரில் பன்மடங்கு பயன் தரும். அதனையும் நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை பொறுமையாக ஊட்டுதல் வேண்டும்.

அப்பொறுமைக்கு நேரம் வேண்டும். ஏழைத் தாயிடம் இல்லாதது அதுவே. விடியலில் கட்டட வேலைக்கோ மீன் சந்தைக்கோ செல்பவள் குழந்தையை ஏழெட்டு வயது மூத்த பெண்ணிடம் ஒப்படைத்துப் போகிறாள். வீட்டிலிருந்தே பீடி சுற்றுபவளுக்கும் தட்டில் குவிந்த இலையே கண்ணில் நிற்கும். குழந்தை அழும்போது தேநீரில் நனைத்த பன்னோ, கடையில் தொங்கும் 5 ரூபாய்ப் பொட்டலமோ கைக்கு வருகிறது. தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். பிறவியில் குழந்தை கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஆறாம் மாதத்தோடு தீர்ந்துவிடும் நிலையில், இப்பழக்கமும் சேர இரத்தசோகை பெருகுகிறது. இடையிடையே வயிற்றுப்போக்கு வந்து, ஏறிய எடையையும் இறக்கிவிட்டுப் போகிறது.

எனவே இக்குறையைத் தாயின் அறியாமை என்று மட்டும் சொல்லி நாம் ஒதுங்கிவிட இயலாது. அரிசி நியாயவிலைக் கடையில் கிடைக்கிறது. கிடைக்காதவை நேரமும், பருப்பும், முட்டையும், துணைக்கு ஒரு கையும் ஆகும். சமுதாயம் நுழைய வேண்டிய இடம் இதுவே.

பாத்திரம் நடந்த ஒரு காலம்

நடக்கக் கல்லாத குழந்தையைத் தேடிச் சென்ற முயற்சி தமிழகத்திலேயே நடந்திருக்கிறது. சத்துணவுத் திட்டத்துக்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1980இல், உலக வங்கியின் கடனுதவியொடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பெற்றது. பலரும் மறந்துவிட்ட அத்திட்டத்தின் செயல்முறை ஈண்டு விரித்துரைக்கத்தக்கது.

ஏறத்தாழ 1,500 மக்களுக்கு ஒரு மையம். அதனை நடத்த அவ்வூர்ப் பெண்ணொருவர். அவரைத் தேர்ந்த முறையில் ஒரு நுட்பம் இருந்தது. வறியவராயினும் தம் பிள்ளைகளை நலமாக வளர்த்தவர் யார் என்று பார்த்து, இயன்றவரை அத்தகையவரையே அமர்த்தினர். வறுமையிலும் இது கைகூடும் என்பதற்கு அவரது வீடே சான்றாகும். அவர் சொல்லும் சொல்லுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

அவர் மாதந்தோறும் 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான எல்லாக் குழந்தைகளையும் எடை பார்த்தார். அந்த எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாகக் குறித்துத் தாயிடம் காட்டினார். கோடு மேலே ஏறினால் நலம், படுத்துவிட்டால் எச்சரிக்கை. எடை ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் நாள்தோறும் துணையுணவு தரப்பட்டது. மையத்திலேயே கண்முன் ஊட்டப்பட்டது. 90 நாள்களில் அரைக்கிலோவேனும் எடை ஏறிய குழந்தை அவ்வுணவிலிருந்து விடுவிக்கப்பட்டது. ஏறாத குழந்தை மேற்கொண்டு கவனிக்கப்பட்டது. மகளிர் குழுக்களும் இப்பணியில் கைகொடுத்தன.

எல்லார்க்கும் எல்லா நாளும் இடுவது ஒரு முறை. வாடத் தொடங்கியதை வாடுமுன் கண்டு, வேண்டும் அளவு ஊட்டி, தாயையும் பழக்கி விடுவிப்பது மற்றொரு முறை. இரண்டாம் முறை குறைந்த சோற்றில் கூடுதல் பயன் கண்டது. திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்ததை உலக வங்கியின் மதிப்பீடுகள் பதிவு செய்தன. 1975இல் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், அதாவது இன்று நாம் அறியும் அங்கன்வாடி அமைப்பு, பின்னர்த் தமிழகத்தில் அப்பணியைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

அங்கன்வாடியில் எடைக்கருவி இருக்கிறது. வளர்ச்சி அட்டை இருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் இணை உணவு மாவும் இருக்கிறது. பின் எங்கே இடறுகிறது? ஓர் ஊரில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது நம் மாணவர்கள் கண்டது இதற்கு ஓரளவு விடை தருகிறது. குழந்தைக்கென வாங்கிவந்த மாவை அவ்வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கும் களியாகக் கிண்டிப் பகிர்ந்திருந்தனர். பசித்த மற்ற பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு ஒருவனுக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? கொடுத்தனுப்பும் மாவு வீட்டின் பொதுச்சோறு ஆகிறது. கண்முன் ஊட்டும் சோறு மட்டுமே குழந்தையின் சோறாகிறது. பாத்திரம் வீட்டு வாசல் வரை நடந்திருக்கிறது. வாய்வரை அது செல்லவில்லை.

மொழிக்கும் இதில் பங்குண்டு

அதே முகாமில் மற்றொன்றும் கண்டோம். நம் மாணவி ஒருவர் படிவத்தைப் பார்த்து, “இணை உணவு எந்த மாதத்தில் தொடங்கினீர்கள்?” என்று ஓர் இளந்தாயிடம் கேட்டார். அவர் விழித்தார். அருகில் அமர்ந்திருந்த முதியவள், “எம்மா, பிள்ளைக்கு எப்போலேருந்து சோறு ஊட்டுறே?” என்று கேட்டதும், “பல்லு முளைச்ச பொறவுதான் பெரியம்மா, ஒரு வயசு இருக்கும்” என்று விடை உடனே வந்தது. ஆறு மாதங்கள் வீணாகக் கழிந்துவிட்டதை அந்த ஒரு விடை சொல்லிவிட்டது. நம் படிவத்தின் தமிழ் அத்தாயின் காதில் ஏறவில்லை. முதியவளின் தமிழ் ஏறியது. நல்ல கலைச்சொல் ஆக்குவது தமிழ்த்துறையின் பணி என்றால், அக்கலைச்சொல்லை அடுப்பங்கரை வரை கொண்டு சேர்ப்பதும் தமிழ்த்துறையின் பணியே ஆகும்.

நம்மால் ஆவது யாது?

பசித்தவர்க்குப் பொது அடுப்பு மூட்டுவது இந்நாட்டில் எல்லாச் சமயத்தாரும் போற்றிய மரபு. 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. பஞ்ச காலத்தில் அன்னமளித்தவர் என்று கீழக்கரை வள்ளல் சீதக்காதியை மக்கள் நினைவு போற்றுகிறது. ரமலான் மாதத்தில் நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப் பால், சில ஊர்களில் இறைச்சியும் சேர்ந்த அக்கஞ்சி, தானியமும் பருப்பும் கொழுப்பும் கூடிய நல்லுணவு. பிற்பகலில் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் உள்ளனர். 30 நாள்கள் எரியும் அவ்வடுப்பும், அத்தேக்சாக்களும், கிண்டும் கைகளும் ஏனைய 11 மாதங்கள் ஓய்ந்திருக்கின்றன. ஊர்தோறும் ஜமாஅத்தும் பைத்துல்மாலும் மகளிர் குழுவும் இருக்கின்றன. ஆகவே நாம் புதிதாக எதையும் நிறுவ வேண்டுவதில்லை. உள்ளவற்றை இணைத்தால் போதும்.

முதலாவது, தெருவிலுள்ள 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பட்டியல் ஒன்றை அங்கன்வாடிப் பணியாளரோடு சேர்ந்து எடுத்தல் வேண்டும். எந்தக் குழந்தை மாத எடைக்கு வரவில்லை என்பதே முதற்கேள்வி. வராத குழந்தையே பெரும்பாலும் வாடிய குழந்தை.

இரண்டாவது, எடை ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் காலையில் ஒரு மணி நேரம், தாயர் வேலைக்குப் புறப்படுமுன், ஓரிடத்தில் கண்முன் ஊட்ட ஏற்பாடு செய்தல். ஒரு தெருவுக்கு ஐந்தாறு குழந்தைகளே இருப்பர். 90 நாள்கள் இதனைச் செய்வது ஒரு சிறு குழுவுக்கு இயலாத செயலன்று.

மூன்றாவது, உணவு. 1918இல் குன்னூரில் மெக்காரிசன் என்பார் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அங்கு வகுக்கப்பெற்ற ‘ஐதராபாத் கலவை’ மிக எளியது. கோதுமை 40 கிராம், கடலைப்பருப்பு 16 கிராம், நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். முதல் மூன்றையும் வறுத்து அரைத்து, வெல்லம் சேர்த்தால் 86 கிராம் கலவையில் ஏறத்தாழ 330 கிலோகலோரியும் 11 கிராம் புரதமும் உண்டு. இதனோடு மசித்த கீரையோ முட்டையோ சேர்த்தால் மேலும் நன்று. நெல்லிக்காய், எலுமிச்சை போன்ற புளிப்புக் கனிகள் இரும்புச்சத்தை உடலிற் சேர்க்கத் துணைபுரியும். பூஞ்சை பிடித்த நிலக்கடலை நஞ்சாகலாம். அதனைப் பொறுக்கி எறிதல் வேண்டும். மாவைச் சிறுகச் சிறுக அரைத்து, ஈரம் படாமல் மூடி வைத்தலும், ஊட்டுமுன் கை கழுவுதலும் இன்றியமையாதவை. இவ்வுணவு தாய்ப்பாலுக்குத் துணையே அன்றி மாற்றன்று.

நான்காவது, எல்லை அறிதல். கால்களில் வீக்கம் கண்ட குழந்தை, உண்ணவே மறுக்கும் குழந்தை, 6 மாதத்துக்கு மேற்பட்டும் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தை ஆகியோர் நம் அடுப்பின் பொறுப்பல்லர். அவர்கள் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர்கள். அன்பு மிகுதியால் வீட்டிலேயே வைத்து ஊட்ட முனைவது அத்தகைய குழந்தைக்குக் கேடாய் முடியலாம்.

ஐந்தாவது, தாய்க்குத் துணையிருத்தல். அறிவுரை சொல்வோர் ஏற்கெனவே பலர் உளர். ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ளும் அண்டை வீட்டுக் கையே அவளுக்குத் தேவை. பிள்ளை பெற்று வளர்த்த முதியவள், வறுமையிலும் பிள்ளையைத் தேற்றிய அண்டை வீட்டுத் தாய் ஆகியோரே இப்பணிக்கு ஏற்ற ஆசிரியர்கள். கருவுற்ற பெண்ணின் தட்டும் இக்கணக்கில் சேரும். ஆயிரம் நாள் அங்கேதான் தொடங்குகிறது.

நிறைவாக

நம் வீடுகளில் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிக்கலயத்தில் இட்டு வைக்கும் வழக்கம் இருந்தது. பிடி அரிசி என்றால் நம் மூத்தோர் அறிவர். அந்தக் கலயத்தில் இன்று அரிசிக்குப் பதிலாக ஒரு பிடி பருப்போ நிலக்கடலையோ விழட்டும். அரிசி ஏழை வீட்டிலும் உண்டு. இல்லாதது அதனோடு சேர வேண்டியது.

மாணவ நண்பர்களே, உங்கள் தெருவில் எடை பார்க்கப்படாத ஒரு குழந்தை இருக்கிறதா என்று இந்த வாரத்திலேயே கேட்டுப் பாருங்கள். ஆசிரியப் பெருமக்களே, அடுத்த முகாமின் படிவத்தை அந்த முதியவளின் தமிழில் எழுதுவோம். சமுதாயப் பெரியோர்களே, ஓய்ந்திருக்கும் அடுப்புகளில் ஒன்றையேனும் ஒரு மூன்று மாதம் எரிய விடுங்கள்.

சிற்றுண்டிக்கு ஓரணா ஒதுக்கிய 1920ஆம் ஆண்டிலிருந்து நம் நாடு நெடுந்தொலைவு வந்திருக்கிறது. தட்டேந்தி நிற்கும் பிள்ளையை இந்தச் சமுதாயம் பசியோடு அனுப்புவதில்லை. எஞ்சியிருப்பது தொட்டிலிலும் இடுப்பிலும் இருக்கும் பிள்ளை. வரிசைக்கு வர அதனால் இயலாது. அதனிடம் செல்வதற்கு நமக்குக் கால்கள் உண்டு.